ஜாங்கோவில் ஈமெயில் வைத்து லாகின்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பைத்தானில் வெப் வேலை செய்பவர்கள் ஜாங்கோ என்ற ஃப்ரேம்வொர்க்குக்கு வந்ததும் முதல் வாரத்திலேயே முட்டிக்கொள்ளும் இடம் இது. யூசர்நேம் வேண்டாம், ஈமெயிலும் பாஸ்வேர்டும் போதும் என்று வாடிக்கையாளர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். அந்த ஒரு வரிக்குப் பின்னால் மாடல், மேனேஜர், அட்மின், ஃபார்ம், டேட்டாபேஸ் என்று ஐந்தாறு இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும். என்னிடம் வேலை பழக வருபவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் இதையே கேட்டதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்துவிட்டேன். கோடில் வரும் பெயர்களை நாம் வாயால் சொல்வதுபோலவே தமிழில் எழுதியிருக்கிறேன். எடிட்டரில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

ஜாங்கோல யூசர் மாடல் ரெடியாவே இருக்கு, அதுல ஈமெயில் ஃபீல்டும் இருக்கு. அப்புறம் எதுக்கு மாத்தணும்?

இருக்கிறது, ஆனால் லாகினுக்கு ஆகிற மாதிரி இல்லை. கூடவே வரும் யூசர் மாடலில் ஈமெயிலைக் காலியாக விடலாம். ஒரே ஈமெயிலில் நாலு பேர் பதிவு செய்தாலும் அது தடுக்காது. லாகினுக்குப் பயன்படும் ஃபீல்ட் ஒருவரை மட்டும்தான் சுட்ட வேண்டும். ‘இந்த ஈமெயில் யாருடையது’ என்று கேட்டால் டேட்டாபேஸ் ஒரே ஒரு வரியைத் திருப்பித் தர வேண்டும். அந்த உறுதியை அந்த மாடல் தருவதில்லை.

யூசர் மாடலையே நம்முடையதாக மாற்றிக்கொள்ளும் வசதி ஜாங்கோ 1.5-ல், 2013-ல் வந்தது. அதற்கு முந்தைய பாடங்களில் ‘ப்ரொஃபைல்’ என்று தனி டேபிள் வைத்துச் சுற்றி வளைப்பார்கள். அதை இன்று லாகினுக்காகப் பின்பற்ற வேண்டியதில்லை. இதில் ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: இந்த முடிவை, டேட்டாபேஸில் டேபிள்களை உருவாக்கும் முதல் ‘மைக்ரேட்’ கட்டளைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். இப்போதைக்கு எதையும் மாற்றத் தேவையில்லை என்றாலும், உள்ளே வெறும் ‘பாஸ்’ மட்டும் எழுதி உங்கள் பெயரில் ஒரு யூசர் கிளாஸ் வைத்துவிடுங்கள். ஜாங்கோவின் சொந்த ஆவணமே புது ப்ராஜெக்டுக்கு அந்த வழியைக் காட்டுகிறது. பாதியில் மாற்றினால் என்ன பாடு என்பதைக் கீழே தனிக் கேள்வியாகவே எழுதியிருக்கிறேன்.

யூசர்நேமே இருக்கட்டுமே? நம்ம ஆளுங்க தமிழ்லயே பேர் வெச்சுக்கிட்டா ஞாபகமும் இருக்கும்ல?

எனக்கும் பிடித்த யோசனைதான். ஆனால் ஜாங்கோ தரும் யூசர்நேம் சரிபார்ப்பு தமிழுக்கு ஒத்துழைக்காது. அது யூனிகோடை ஏற்கும் என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘சொல் எழுத்து’ என்ற வகையை வைத்துச் சோதிக்கிறது. அந்த வகையில் க, ம, ல போன்ற எழுத்துகள் சேரும். புள்ளியும், கால், கொம்பு போன்ற உயிர்க்குறிகளும் சேராது. அதனால் ‘கமல’ என்று அடித்தால் உள்ளே போகும், ‘கமலா’ என்று அடித்தால் பிழை வரும். ‘குமார்’ போகாது, ‘செல்வி’ போகாது. பெயரில் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாத தமிழர் எத்தனை பேர் இருப்பார்கள்?

சரிபார்ப்பை நீங்களே எழுதி இதைச் சரிசெய்யலாம். ஆனாலும் லாகினுக்கு ஈமெயிலை வைத்துவிட்டு, தமிழ்ப் பெயருக்கு ‘காட்டும் பெயர்’ என்று தனி ஃபீல்ட் வைப்பதுதான் நல்லது. அந்த ஃபீல்டில் எந்தத் தடையும் வேண்டாம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ‘@’ குறிக்கு முன்னால் தமிழ் எழுத்து உள்ள ஈமெயில் முகவரியை ஜாங்கோவின் ஈமெயில் சரிபார்ப்பு ஏற்காது. அப்படிப்பட்ட முகவரிகளை ஏற்க வேண்டிய தளம் என்றால் அதற்கும் சொந்தச் சரிபார்ப்பு எழுத வேண்டும்.

அப்ஸ்ட்ராக்ட் யூசரா, அப்ஸ்ட்ராக்ட் பேஸ் யூசரா? எதை எடுக்கறது?

பத்தில் ஒன்பது பேருக்கு அப்ஸ்ட்ராக்ட் யூசர் போதும். பெயர், ஈமெயில், சேர்ந்த தேதி, ஸ்டாஃபா இல்லையா, ஆக்டிவா இல்லையா எல்லாம் அதில் இருக்கும். யூசர்நேமை மட்டும் ‘நன்’ என்று எழுதி நீக்கினால் வேலை முடிந்தது.

அப்ஸ்ட்ராக்ட் பேஸ் யூசரில் பாஸ்வேர்டும் கடைசி லாகின் நேரமும் மட்டும்தான் இருக்கும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்ற பிரிவு நம் ஊர்ப் பெயர்களுக்குப் பொருந்தாது, ஒரே ‘முழுப்பெயர்’ போதும் என்று நினைத்தால் இதை எடுக்கலாம். அது நியாயமான காரணம். ஆனால் அப்போது, அனுமதிகளைக் கவனிக்கும் பர்மிஷன்ஸ் மிக்சினையும் சேர்க்க வேண்டும். ‘ஈஸ் ஸ்டாஃப்’ ஃபீல்டையும் நீங்களே எழுத வேண்டும். இல்லையென்றால் அட்மின் பக்கம் திறக்காது. ‘ஈஸ் ஆக்டிவ்’ அதில் எப்போதும் ‘ட்ரூ’ என்றே இருக்கும்; கணக்கை முடக்க வேண்டுமென்றால் அதையும் ஃபீல்டாக எழுதுங்கள்.

சரி, மாடல்ல என்னென்ன எழுதணும்? ஒண்ணொண்ணா சொல்லுங்க.

‘அக்கவுண்ட்ஸ்’ என்று ஒரு ஆப் தொடங்குங்கள். அதில் அப்ஸ்ட்ராக்ட் யூசரிலிருந்து வரும் ‘யூசர்’ கிளாஸ். கிளாஸின் பெயர் ‘யூசர்’ என்றே இருக்கட்டும். உள்ளே யூசர்நேமுக்கு ‘நன்’. ஈமெயிலை ஈமெயில் ஃபீல்டாகத் திரும்ப எழுதி ‘யூனிக்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்குங்கள். அடுத்து ‘யூசர்நேம் ஃபீல்ட்’ என்ற பெரிய எழுத்து மாறியில் ‘ஈமெயில்’ என்று எழுதுங்கள். லாகினுக்கு எந்த ஃபீல்ட் என்பதை ஜாங்கோ இதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. ‘ரிக்வயர்ட் ஃபீல்ட்ஸ்’ என்பதற்குக் காலிப் பட்டியல். கடைசியாக ‘ஆப்ஜெக்ட்ஸ்’ என்பதில் உங்கள் சொந்த மேனேஜர் (யூசர்களை உருவாக்கவும் தேடவும் உதவும் கிளாஸ், கீழே சொல்கிறேன்).

செட்டிங்ஸில் ‘ஆத் யூசர் மாடல்’ என்பதற்கு ‘அக்கவுண்ட்ஸ் புள்ளி யூசர்’ என்று கொடுத்து, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ பட்டியலிலும் ஆப்பைச் சேர்த்துவிட்டு, அதன்பிறகுதான் ‘மேக் மைக்ரேஷன்ஸ்’, ‘மைக்ரேட்’. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

யூசர்நேம் ஃபீல்டை ஈமெயில்னு மாத்தினதும் ஈ002-ன்னு ஒரு எரர். ரிக்வயர்ட் ஃபீல்ட்ஸை நான் தொடவே இல்லையே?

தொடாததால்தான் வருகிறது. அப்ஸ்ட்ராக்ட் யூசரில் ‘ரிக்வயர்ட் ஃபீல்ட்ஸ்’ பட்டியலில் ஏற்கெனவே ஈமெயில் இருக்கிறது. லாகின் ஃபீல்ட் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது என்பது விதி. நீங்கள் ஈமெயிலை லாகின் ஃபீல்டாக மாற்றியதும் இரண்டும் மோதுகின்றன. முந்தைய பதிலில் சொன்ன காலிப் பட்டியலை எழுதினால் எரர் போய்விடும். அந்தப் பட்டியல் ‘கிரியேட் சூப்பர்யூசர்’ கட்டளை கூடுதலாக என்னென்ன கேட்க வேண்டும் என்பதற்கு மட்டும்தான். பதிவு ஃபார்முக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கிரியேட் சூப்பர்யூசர் அடிச்சேன். ஈமெயில், பாஸ்வேர்ட் எல்லாம் கேட்டுட்டு கடைசில யூசர்நேம் தரலைன்னு சொல்லுது. அதைத்தான் தூக்கிட்டோமே?

மாடலில் தூக்கிவிட்டோம், மேனேஜரில் தூக்கவில்லை. கூடவே வரும் யூசர் மேனேஜரின் ‘கிரியேட் யூசர்’, ‘கிரியேட் சூப்பர்யூசர்’ இரண்டுமே முதல் மதிப்பாக யூசர்நேமைத்தான் எதிர்பார்க்கின்றன. எனவே பேஸ் யூசர் மேனேஜரிலிருந்து ஒரு மேனேஜர் எழுதி, இரண்டையும் ஈமெயில், பாஸ்வேர்ட் வாங்கும்படி மாற்றுங்கள்.

உள்ளே பாஸ்வேர்டை நேராக ஃபீல்டில் வைக்காதீர்கள்; ‘செட் பாஸ்வேர்ட்’ வழியாகத்தான் வைக்க வேண்டும், அதுதான் ஹாஷ் செய்கிறது, அதாவது திரும்பப் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றுகிறது. ஈமெயில் காலியாக வந்தால் அங்கேயே பிழை எழுப்பிவிடுங்கள். சூப்பர்யூசருக்கு ‘ஈஸ் ஸ்டாஃப்’, ‘ஈஸ் சூப்பர்யூசர்’ இரண்டும் ‘ட்ரூ’வாக வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போய், சூப்பர்யூசரை உருவாக்கியும் அட்மினில் நுழைய முடியாமல் அரை நாள் தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மத்த மாடல்ல இருந்து யூசருக்கு ஃபாரின் கீ வைக்கணும். எதை இம்போர்ட் பண்றது?

மாடல் ஃபைலில் யூசர் கிளாஸை இம்போர்ட் செய்ய வேண்டாம், ஜாங்கோவின் ‘செட்டிங்ஸ்’ மட்டும் போதும். ‘செட்டிங்ஸ் புள்ளி ஆத் யூசர் மாடல்’ என்று கொடுத்தால் போதும். வியூ, ஃபார்ம், டெஸ்ட் போன்ற மற்ற இடங்களில் ‘கெட் யூசர் மாடல்’ என்ற ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள். ஜாங்கோவின் பழைய யூசரை நேராக இம்போர்ட் செய்த வரி எங்காவது இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள்.

அட்மின்ல யூசரைச் சேர்த்தேன். ஆனா அந்த ஆள் லாகினே ஆக முடியல. பாஸ்வேர்ட் சரியாத்தான் இருக்கு.

அட்மினில் அந்த யூசரின் பக்கத்தைத் திறந்து பாஸ்வேர்ட் கட்டத்தைப் பாருங்கள். நீங்கள் அடித்த பாஸ்வேர்ட் அப்படியே கண்ணுக்குத் தெரிகிறதா? அப்படியென்றால் யூசர் மாடலைச் சாதாரண ‘மாடல் அட்மின்’ கொண்டு பதிவு செய்திருக்கிறீர்கள். அதற்குப் பாஸ்வேர்டும் மற்ற எழுத்து ஃபீல்ட் மாதிரிதான். ஹாஷ் செய்யாமல் அப்படியே சேமித்துவிட்டது. லாகின் நேரத்தில் ஜாங்கோ ஹாஷை எதிர்பார்க்கிறது, அது அங்கே இல்லை. அப்படிச் சேமித்த பாஸ்வேர்டுகளை உடனே மாற்றுங்கள். டேட்டாபேஸைப் பார்க்க முடிந்த எவருக்கும் அவை தெரியும்.

ஜாங்கோவின் ‘யூசர் அட்மின்’ கிளாஸை எடுத்துக்கொண்டு அதில் யூசர்நேம் வரும் இடங்களை எல்லாம் மாற்ற வேண்டும்: ‘ஃபீல்ட்செட்ஸ்’, ‘ஆட் ஃபீல்ட்செட்ஸ்’, ‘லிஸ்ட் டிஸ்ப்ளே’, ‘சர்ச் ஃபீல்ட்ஸ்’, ‘ஆர்டரிங்’. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் மறக்கிறார்கள். புது யூசரைச் சேர்க்கும் ஃபார்மும் பழைய மாடலைப் பார்த்தபடி இருக்கும். ‘யூசர் கிரியேஷன் ஃபார்ம்’ கிளாஸிலிருந்து உங்களுடையதை உருவாக்கி, மெட்டாவில் உங்கள் மாடலையும் ஈமெயில் ஃபீல்டையும் கொடுங்கள்.

லாகின் பக்கத்துக்கு நானே எச்டிஎம்எல் எழுதினேன். ஈமெயில் பாக்ஸுக்கு பேர் ஈமெயில்னு வெச்சா ‘இந்த ஃபீல்ட் தேவை’ன்னே வருது.

ஜாங்கோவின் லாகின் ஃபார்முக்குள் அந்த ஃபீல்டின் பெயர் இன்னும் ‘யூசர்நேம்’தான். நீங்கள் எதை லாகின் ஃபீல்டாக வைத்தாலும் அந்தப் பெயர் மாறாது. திரையில் தெரியும் லேபிள் மட்டும்தான் உங்கள் ஃபீல்டைப் பார்த்து மாறும். எனவே இன்புட்டின் ‘நேம்’ மதிப்பு ‘யூசர்நேம்’ என்றே இருக்கட்டும்.

கையால் எழுதுவதைவிட ஃபார்ம் தரும் விட்ஜெட்டையே பயன்படுத்துங்கள் என்றுதான் சொல்வேன். அது போனில் முதல் எழுத்து தானாகப் பெரிதாவதைத் தடுக்கும் குறிப்பையும், பிரவுசர் பழைய விவரத்தை நிரப்புவதற்கான குறிப்பையும் சேர்த்தே தருகிறது. அந்த முதல் குறிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்பது அடுத்த கேள்வியில் தெரியும்.

ஒரே ஆளுக்கு ரெண்டு அக்கவுண்ட் இருக்கு. ஈமெயிலும் ஒண்ணுதான், யூனிக்கும் போட்டிருக்கேன். எப்படி நடந்துச்சு?

இந்தக் கேள்விக்கு நான் நேரில் பார்த்ததையே சொல்கிறேன். ஒரு பயிற்சித் தளத்தில் ஒரு பெண் போனில் பதிவு செய்து பணமும் கட்டினார். மறுநாள் கணினியில் உட்கார்ந்தால் லாகின் ஆகவில்லை. பாஸ்வேர்ட் மறந்துவிட்டதோ என்று நினைத்து, அதே ஈமெயிலில் திரும்பப் பதிவு செய்தார், தளம் ஏற்றுக்கொண்டது. உள்ளே போனால் வாங்கிய பாடம் எதுவும் இல்லை. டேபிளைத் திறந்து பார்த்தோம். இரண்டு வரிகள். ஒன்றில் பெயரின் முதல் எழுத்து பெரிய ‘கே’, மற்றதில் சின்ன ‘கே’. போனின் கீபோர்ட் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கியிருந்தது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு எழுத்துக்கோவை, எனவே ‘யூனிக்’ தடுக்கவில்லை.

மேனேஜரில் ஈமெயிலைச் சீராக்கும் ‘நார்மலைஸ் ஈமெயில்’ முறையைப் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். அது ‘@’ குறிக்குப் பின்னால் வரும் டொமைனை மட்டும்தான் சின்ன எழுத்தாக்கும். முன்பகுதியில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு என்று கொள்ள ஈமெயில் விதிகளில் இடம் இருப்பதால் ஜாங்கோ அதைத் தொடுவதில்லை. ஆனால் நடைமுறையில் பெரிய எழுத்து போட்டால் வேறு ஆள் என்று வைத்திருக்கும் ஈமெயில் சேவையை நான் சந்தித்ததே இல்லை. எனவே முழு முகவரியையும் சின்ன எழுத்தாக்கிச் சேமியுங்கள். ஃபார்மில் மட்டும் செய்தால் ஏபிஐ வழியாகவும் ஷெல் வழியாகவும் வருபவை தப்பிவிடும். மாடலின் ‘சேவ்’ முறையிலும் செய்யுங்கள். மேனேஜரின் ‘கெட் பை நேச்சுரல் கீ’ முறையில் தேடும்போதும் சின்ன எழுத்தாக்கித் தேடுங்கள். லாகின் நேரத்தில் ஜாங்கோ அதைத்தான் கூப்பிடுகிறது.

இதற்கெல்லாம் மேலே டேட்டாபேஸிலும் ஒரு பூட்டு வேண்டும். ஜாங்கோ 4.0-லிருந்து ‘யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்’ உள்ளே ‘லோயர்’ ஃபங்ஷனைப் போடலாம், அதைச் சேருங்கள். அதற்காக ஃபீல்டில் உள்ள ‘யூனிக்’கை எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் லாகின் ஃபீல்ட் தனித்தன்மையானதாக இல்லை என்று ஜாங்கோவின் சோதனை எரர் தரும். போஸ்ட்கிரஸுக்கென இருந்த ‘சிஐ ஈமெயில் ஃபீல்ட்’ பற்றிப் பழைய பதில்களில் படித்திருப்பீர்கள், அது 5.1-ல் நீக்கப்பட்டுவிட்டது, அதை நம்பித் தொடங்காதீர்கள். மைசீக்வெல் டேட்டாபேஸில் வழக்கமான கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிடும் விதி) பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்ப்பதில்லை. அதனால் அங்கே வளர்ந்த ப்ராஜெக்ட் போஸ்ட்கிரஸுக்கு மாறும் நாளில்தான் இந்தச் சிக்கல் முதல்முறையாகத் தலைகாட்டும்.

ஜிமெயில்ல புள்ளி வெச்சாலும் வைக்காட்டாலும் ஒரே இன்பாக்ஸ்தானே? அதையும் ஒண்ணாக்கிடலாமா?

வேண்டாம். ஜிமெயில் புள்ளியைக் கணக்கில் எடுக்காது என்பது உண்மைதான். ஆனால் அது அந்த ஒரு சேவையின் வழக்கம். வேறு இடத்தில் புள்ளி உள்ளவரும் இல்லாதவரும் இரண்டு மனிதர்களாக இருக்கலாம். அவர் எழுதிக் கொடுத்த முகவரியை, சின்ன எழுத்தாக்குவதைத் தவிர வேறு எதுவும் செய்யாமல் வைத்திருங்கள்.

ஈமெயில் சரிபார்க்கற வரைக்கும் ஈஸ் ஆக்டிவை ஃபால்ஸ்னு வெச்சா போதும்ல?

பல பாடங்களில் அப்படித்தான் சொல்லியிருக்கும். நான் பரிந்துரைக்க மாட்டேன். பதிவு செய்தவர் சரிபார்ப்பு மெயிலைக் கவனிக்காமல் லாகின் செய்து பார்ப்பார். ஆக்டிவ் இல்லாதவரை ஜாங்கோவின் வழக்கமான பின்தளம் (லாகினைச் சரிபார்க்கும் கோடு) உள்ளே விடாது. ஆனால் காரணத்தையும் சொல்லாது, ஈமெயிலோ பாஸ்வேர்டோ தவறு என்ற பொதுச் செய்திதான் வரும். அவர் ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டது’ என்பதை அழுத்துவார். அந்த ஃபார்மும் ஆக்டிவ் ஆனவர்களுக்கு மட்டும்தான் மெயில் அனுப்பும். எந்தப் பக்கம் போனாலும் சுவர். அவர் தளத்தை விட்டே போய்விடுவார், நமக்குத் தெரியவும் தெரியாது.

‘ஈமெயில் சரிபார்த்த நேரம்’ என்று தனி ஃபீல்ட் வையுங்கள். காலியாக இருந்தால் லாகின் செய்ய விட்டு, ‘மெயில் பார்த்தீர்களா, திரும்ப அனுப்பவா?’ என்ற பக்கத்தில் நிறுத்துங்கள். ‘ஈஸ் ஆக்டிவ்’ என்பதை நிர்வாகி ஒரு கணக்கை முடக்குவதற்கென்றே விட்டுவிடுங்கள். இரண்டு வேலைக்கும் ஒரே ஃபீல்டை வைத்தால், முடக்கப்பட்டவர் சரிபார்ப்பு இணைப்பை அழுத்தித் திரும்ப உள்ளே வந்துவிடும் ஆபத்தும் உண்டு.

சரிபார்ப்பையே விட்டுவிடலாமா என்றும் சிலர் கேட்பார்கள். கூடாது. உங்கள் ஈமெயிலைப் போட்டு யாரோ ஒருவர் முன்கூட்டியே கணக்கு தொடங்கி வைக்கலாம். பிறகு நீங்கள் கூகுள் வழியாக நுழையும்போது ஈமெயில் ஒன்றே என்று தளம் அந்தக் கணக்கோடு உங்களைச் சேர்த்துவிட்டால், அவர் வைத்த பாஸ்வேர்ட் இன்னும் வேலை செய்யும். சரிபார்க்காத கணக்கோடு எதையும் தானாக இணைக்காதீர்கள்.

பாஸ்வேர்ட் ரீசெட் ஜாங்கோவே தருதே, அதை நானே எழுதினா என்ன?

எழுதாதீர்கள். ஜாங்கோவின் சொந்த ரீசெட்டிலேயே 2019 டிசம்பரில் ஒரு ஓட்டை வெளியானது. துருக்கி மொழியில் புள்ளி இல்லாத ‘ஐ’ எழுத்து ஒன்று உண்டு. அதைப் பெரிய எழுத்தாக்கினால் வழக்கமான ‘ஐ’யோடு ஒன்றாகிவிடும். அந்த எழுத்தை வைத்து, வேறொருவருடையதைப் போன்ற ஒரு முகவரியைத் தாக்குபவர் கொடுத்தால், தேடலில் அந்த வேறொருவரின் கணக்கு கிடைக்கும். ஆனால் மெயில் போவது ஃபார்மில் அடித்த முகவரிக்கு, அதாவது தாக்குபவரின் பெட்டிக்கு. 3.0.1, 2.2.9, 1.11.27 பதிப்புகளில் சரிசெய்தார்கள். இப்போது டேட்டாபேஸில் உள்ள முகவரிக்குத்தான் மெயில் போகும். பல வருடம் பலர் பார்த்த கோடிலேயே இது ஒளிந்திருந்தது என்பதால்தான் சொல்கிறேன்.

ரீசெட் இணைப்பு வழக்கமாக 3 நாள் செல்லும். அதற்குள் அவர் பாஸ்வேர்டை மாற்றினாலோ லாகின் செய்தாலோ இணைப்பு செத்துவிடும். ‘பாஸ்வேர்ட் ரீசெட் டைம்அவுட்’ என்ற செட்டிங்கில் நேரத்தைக் குறைக்கலாம். பணம் புழங்கும் தளம் என்றால் ஒரு மணி நேரம் போதும்.

பதிவு பண்ணும்போது ‘இந்த ஈமெயில் ஏற்கெனவே உள்ளது’ன்னு காட்டக் கூடாதுங்கறாங்களே?

காட்டினால், யாருக்கு உங்கள் தளத்தில் கணக்கு இருக்கிறது என்பதை வெளியாள் ஒவ்வொரு முகவரியாக அடித்துத் தெரிந்துகொள்ளலாம். லாகினில் ஜாங்கோ இதில் கவனமாகவே இருக்கிறது: இல்லாத முகவரி வந்தாலும் ஒருமுறை பாஸ்வேர்ட் ஹாஷைப் போட்டுப் பார்க்கிறது, பதில் வரும் வேகத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்கக் கூடாதே என்று. ரீசெட் பக்கமும் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதிலைத்தான் காட்டும். பதிவு ஃபார்மில்தான் இது உடைகிறது.

தளத்தைப் பொறுத்து முடிவெடுங்கள். மளிகைக் கடைத் தளத்தில் நேராகச் சொல்லிவிடலாம், வாடிக்கையாளருக்கு அதுதான் உதவி. மருத்துவம், கடன், மணமக்கள் தேடல் போன்றவற்றில் சொல்லக் கூடாது. ‘மெயில் அனுப்பியிருக்கிறோம், பாருங்கள்’ என்று மட்டும் காட்டிவிட்டு, ஏற்கெனவே கணக்கு இருப்பவருக்கு ‘உங்களுக்குக் கணக்கு இருக்கிறது’ என்ற மெயிலை அனுப்புங்கள்.

வீட்டுல எல்லாருக்கும் ஒரே ஈமெயில்தான் இருக்கு. அப்பா, அம்மா, பையன் மூணு பேரும் எப்படிப் பதிவு பண்றது?

மிக நியாயமான கேள்வி, நகரத்து அலுவலகத்தில் உட்கார்ந்து கோடு எழுதும்போது நாம் நினைத்தே பார்க்காதது. இன்னும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: விண்ணப்பங்களை நெட் சென்டரில் நிரப்புபவர்கள் பலருக்கு அங்கே இருப்பவர்தான் ஈமெயில் தொடங்கிக் கொடுக்கிறார், சில நேரம் தன்னுடையதையே போட்டுவிடுகிறார். அந்தக் கணக்கின் சாவி அவர் கையில்.

இதற்காக ‘யூனிக்’கைத் தளர்த்தாதீர்கள். ஒரு கணக்கின் கீழ் பல ஆட்களைச் சேர்க்கும்படி மாடலை அமையுங்கள்: லாகின் செய்வது யூசர், பயன் பெறுபவர் தனி டேபிள். ரயில் டிக்கெட் எடுக்கும்போது ஒரே லாகினில் வீட்டார் எல்லோர் பெயரையும் பயணிகளாகச் சேர்க்கிறோமே, அதே அமைப்பு. உங்கள் தளத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோரிடம் ஈமெயிலே இல்லை என்றால் போன் எண்ணை லாகின் ஃபீல்டாக வைப்பதே சரி. மேலே சொன்ன மாடல் மாற்றங்களில் ஈமெயில் இருந்த இடத்தில் போன் எண் வரும், அவ்வளவுதான். எண் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஏபிஐ-ல டோக்கன் கேட்டா சில இடத்துல ஈமெயில்னு அனுப்பணும், சில இடத்துல யூசர்நேம்னு அனுப்பணும். ஏன் இப்படி?

ஏபிஐ எழுத உதவும் ஜாங்கோ ரெஸ்ட் ஃப்ரேம்வொர்க்கோடு வரும் டோக்கன் வியூ, லாகின் ஃபார்மைப் போலவே ‘யூசர்நேம்’ என்ற பெயரைத்தான் எதிர்பார்க்கும். மதிப்பாக ஈமெயிலை அனுப்பினால் வேலை செய்யும். சிம்பிள் ஜேடபிள்யூடி என்ற தனிப் பேக்கேஜ் உங்கள் ‘யூசர்நேம் ஃபீல்ட்’ எது என்று பார்த்து அதே பெயரைக் கேட்கும், அதாவது ‘ஈமெயில்’. மொபைல் ஆப் எழுதுபவரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

யூசர்நேம், ஈமெயில் ரெண்டுல எதைப் போட்டாலும் உள்ள விடணும். முடியுமா?

முடியும். ‘மாடல் பேக்எண்ட்’ கிளாஸிலிருந்து ஒரு பின்தளம் எழுதி, அதன் ‘ஆதென்டிகேட்’ முறையில் வந்த மதிப்பில் ‘@’ இருந்தால் ஈமெயிலில் தேடுங்கள், இல்லையென்றால் யூசர்நேமில். ஆனால் வழக்கமான யூசர்நேம் சரிபார்ப்பு ‘@’ குறியை அனுமதிக்கிறது. ஒருவர் இன்னொருவரின் ஈமெயிலையே தன் யூசர்நேமாக வைத்துக்கொள்ளலாம்! எனவே யூசர்நேமில் ‘@’ வரக் கூடாது என்று தடுத்தபிறகுதான் இதைத் திறந்துவிட வேண்டும். ‘ஈஸ் ஆக்டிவ்’ சோதனையையும், இல்லாத யூசருக்கும் ஹாஷ் போடும் பழக்கத்தையும் உங்கள் பின்தளத்தில் விட்டுவிடாதீர்கள்.

ப்ராஜெக்ட் ஓடிட்டு இருக்கு, நிறைய பேர் இருக்காங்க. இப்ப மாத்த முடியுமா?

முடியும். ஒரு விடுமுறை நாளை இதற்கென ஒதுக்கி, லைவ் டேட்டாபேஸின் நகல் ஒன்றில் முதலில் முழுதாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் உண்மையானதில் கை வைக்க வேண்டும். செட்டிங்ஸை மட்டும் மாற்றிவிட்டு ‘மைக்ரேட்’ அடித்தால், அட்மினின் முதல் மைக்ரேஷன் அது சார்ந்திருக்கும் உங்கள் மைக்ரேஷனுக்கு முன்பே ஓடிவிட்டது, வரலாறு பொருந்தவில்லை என்று நின்றுவிடும். ‘ஃபேக்’ என்று கொடுத்தாலும் அந்தச் சோதனை முதலில் வந்து நிறுத்திவிடும்.

நான் செய்யும் முறை இது. முதல் கட்டத்தில் எந்த ஃபீல்டையும் மாற்றுவதில்லை. அக்கவுண்ட்ஸ் ஆப்பில் அப்ஸ்ட்ராக்ட் யூசரிலிருந்து வெறும் ‘யூசர்’ கிளாஸ், மெட்டாவில் ‘டிபி டேபிள்’ பழைய பெயரான ‘ஆத் யூசர்’. டேபிள் பெயரும் கிளாஸ் பெயரும் பழையபடி இருப்பதால் குரூப், பர்மிஷன் இணைப்பு டேபிள்களும் அவற்றின் ஃபீல்ட் பெயர்களும் அப்படியே பொருந்திவிடும். கிளாஸுக்கு ‘யூசர்’ என்றே பெயர் வைக்கச் சொன்னதன் காரணங்களில் இதுவும் ஒன்று. அடுத்து ‘மேக் மைக்ரேஷன்ஸ்’ செய்து, வந்த முதல் மைக்ரேஷனை ஓட்டாமல், ஜாங்கோ மைக்ரேஷன்ஸ் டேபிளில் அது ஓடிவிட்டதாக ஒரு வரியை சீக்வெல் மூலம் கையால் சேர்க்கிறேன். கூடவே கன்டென்ட் டைப் டேபிளில் (எந்த ஆப்பில் எந்த மாடல் என்று ஜாங்கோ வைத்திருக்கும் பட்டியல்) ‘ஆத்’ ஆப்பின் ‘யூசர்’ என்று இருக்கும் வரியில் ஆப்பின் பெயரை ‘அக்கவுண்ட்ஸ்’ என்று மாற்றுகிறேன். இரண்டையும் முடித்தபிறகுதான் ‘மைக்ரேட்’. கோடில் பர்மிஷன் பெயரை ‘ஆத்’ என்று தொடங்கி எழுதிய இடங்களையும் தேடி மாற்ற வேண்டும். பழைய டேபிளே தொடர்வதால் பாஸ்வேர்டுகள், ஃபாரின் கீ எதுவும் கலையாது.

இது லைவில் சில நாள் நன்றாக ஓடட்டும். அப்புறம் இரண்டாம் கட்டம்: ஈமெயிலை லாகினாக்குவது. அதற்கு முன் காலி ஈமெயில்களும், சின்ன எழுத்தாக்கினால் ஒன்றாகிவிடும் இரட்டைகளும் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். இரட்டைகளைத் தானாக இணைக்கும் ஸ்கிரிப்ட் எழுதாதீர்கள். இரண்டில் எதில் பணம் கட்டியிருக்கிறார், எதில் கடைசியாக லாகின் செய்தார் என்று பார்த்து, தேவைப்பட்டால் போன் செய்து கேட்டுச் சேர்க்க வேண்டும். ஈமெயில் இல்லாதவர்களை அடுத்த லாகினில் கேட்டு வாங்குங்கள். எல்லாம் நிரம்பியபிறகு ‘யூனிக்’, கடைசி மைக்ரேஷனில்தான் யூசர்நேமை நீக்குவது.

யூசர் தன் ஈமெயிலை மாத்தணும்னா? அதான் இப்ப லாகினே ஆச்சே?

ஃபார்மில் புதியதை அடித்ததும் மாற்றிவிடக் கூடாது. தப்பாக ஒரு எழுத்து அடித்திருந்தால் அவரே வெளியே நின்றுவிடுவார். புதிய முகவரியைத் தனி ஃபீல்டில் காத்திருக்க வையுங்கள். அதற்கு ஒரு சரிபார்ப்பு இணைப்பை அனுப்பி, அவர் அழுத்தியபிறகு மாற்றுங்கள். அதற்குள் வேறு யாராவது அதே முகவரியில் பதிவு செய்திருக்கிறாரா என்று அந்த நொடியில் திரும்பப் பாருங்கள். மாற்றுவதற்கு முன் இப்போதைய பாஸ்வேர்டையும் கேளுங்கள்.

பழைய முகவரிக்கும் ‘உங்கள் ஈமெயில் மாற்றப்படுகிறது, நீங்கள் செய்யவில்லை என்றால் இங்கே அழுத்தவும்’ என்று ஒரு மெயில் போக வேண்டும். 3.1-லிருந்து ரீசெட் டோக்கனுக்குள் ஈமெயிலும் சேர்கிறது, எனவே மாற்றியதும் பழைய பெட்டியில் கிடக்கும் ரீசெட் இணைப்புகள் செல்லாது. ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் செஷன்கள் அப்படியே இருக்கும். ஜாங்கோ பாஸ்வேர்ட் மாறினால்தான் அவற்றைத் துண்டிக்கும், ஈமெயில் மாறினால் அல்ல. மற்ற கருவிகளிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்றால் அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.